இரண்டாவது பந்து

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

‘இளங்கன்று பயமறியாது’ என்பது பழமொழி. அதைச் சொன்னவர் நிச்சயமாக ஹாக்கி ஆடியவராக இருக்க முடியாது என்று நான் நினைப்பதுண்டு. 16 வயதுப் பையன் ஒருவனைப் பெரியவர்கள் ஆடும் அணியில் முதன்முதலாக இறக்கிவிட்டுப் பாருங்கள். முந்தின நாள்வரை சிறுவர் அணியில் மூன்று பேரை ஏமாற்றிக் கோல் போட்டவன், இன்று பந்து தன் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு நிற்பான். நானும் அப்படி நின்றவன்தான். பின்னாளில் இன்னொருவனை அப்படி நிற்க வைத்தவனும் நானே. முதலாவது என் கதை. இரண்டாவது என் குற்றம். இரண்டையும் எழுதினால்தான் இந்தக் கட்டுரை முழுமை பெறும்.

எங்கள் ஊர் கோவில்பட்டி. வெளியூர்க்காரர்களிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால் மூன்றில் ஒன்றைச் சொல்லுவார்கள்: தீப்பெட்டி, கடலை மிட்டாய், ஹாக்கி. கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஹாக்கிக்கு அப்படி எந்த முத்திரையும் இல்லை, வேண்டியதும் இல்லை. மாலை 5 மணிக்கு மேல் கையில் மட்டையுடன் சைக்கிள் மிதிக்கும் சிறுவர்களே அந்த முத்திரை. கோடையில் அகில இந்தியப் போட்டி நடக்கும்போது, தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடித்து வருகிறவர்களும், கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வருகிறவர்களும் மைதானத்தைச் சுற்றி நின்று, யார் எங்கே தவறு செய்தார் என்று சரியாகச் சொல்லுவார்கள். ஹாக்கியைத் தூய தமிழில் வளைகோல் பந்தாட்டம் என்பர். எங்கள் ஊரில் அந்த வளைகோல் பிடிக்கத் தெரியாத தெருவே இல்லை எனலாம்.

அத்தகைய ஊரில் ஒரு சிறு கிளப் எங்களுடையது. செயற்கைப் புல் எல்லாம் எங்களுக்கு இல்லை. கரிசலின் மேல் சரள் அடித்து, உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்திய மண் மைதானம். கோடையில் வெடிக்கும், ஐப்பசி மழையில் பூட்ஸோடு ஒட்டிக்கொண்டு ஆளுக்கு ஒரு கிலோ கூடும். சிறுவர் அணி ஒன்று, பெரியவர் அணி ஒன்று. நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடு. அந்தக் கோட்டைத் தாண்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

* * *

நான் அந்தக் கோட்டைத் தாண்டியது 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில். அந்த மாதம் எங்கள் ஊரே தலைகால் புரியாத மகிழ்ச்சியில் இருந்தது. ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் எங்கள் ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூர் கார்த்தி செல்வமும் இடம் பெற்றிருந்தனர். இருவருமே கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்கள். இந்தியா வெண்கலம் வென்றது. ஊரில் மட்டை பிடித்த ஒவ்வொரு பையனும் அடுத்த ஆள் தானே என்று எண்ணிக்கொண்டான். நானும் எண்ணிக்கொண்டேன்.

பெரியவர் அணியில் எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பு தண்ணீர்க் குடம். இரண்டாவது பொறுப்பு, எல்லைக்கு வெளியே முள்ளுக்குள் போகும் பந்தை எடுத்து வருவது. மூன்றாவது, ஆட்டம் முடிந்ததும் பந்துகளை எண்ணிச் சாக்கில் கட்டுவது. ஒரு பருவம் முழுவதும் இந்த மூன்று பதவிகளையும் மிகத் திறம்பட வகித்தேன். கடைசி ஆட்டத்தின் கடைசி 5 நிமிடத்தில், நாங்கள் நான்கு கோல் முன்னணியில் இருந்தபோது, “ஏல, நீ போல” என்று என்னை உள்ளே தள்ளினார்கள். எங்கே நிற்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இடது பக்கம் போனேன், “இங்க எதுக்குல வார?” என்றார் ஒருவர். வலது பக்கம் போனேன். “ஆள மறைக்காதல” என்றார் இன்னொருவர். விசில் ஊதும்வரை நான் பந்தைத் தொடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா, “எப்படிய்யா ஆடுன?” என்று கேட்டாள். “நல்லா ஆடினேன்மா” என்றேன்.

அன்றிரவு ஒரு சபதம் செய்தேன். நான் பெரியவனானதும் எந்தச் சின்னப் பையனையும் இப்படி நடத்த மாட்டேன் என்று. சபதம் செய்வது எளிது. அதற்கு ஒரு மட்டையும் தேவையில்லை. பாயில் படுத்துக்கொண்டே செய்யலாம்.

* * *

சிறுவர் ஆட்டத்துக்கும் பெரியவர் ஆட்டத்துக்கும் அப்படி என்ன வேறுபாடு? மைதானம் அதே 91.40 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். பந்தும் அதே 156 முதல் 163 கிராம் எடை. கோல் கம்பமும் அதேதான். விதிப்புத்தகத்தைப் பார்த்தால் வேறுபாடே இல்லை. ஆனால் உள்ளே நின்று பார்ப்பவனுக்கு அது வேறு உலகம்.

முதல் வேறுபாடு நேரம். சிறுவர் ஆட்டத்தில் பந்தை நிறுத்திவிட்டு, தலையை நிமிர்த்தி, யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசிக்க அவகாசம் உண்டு. பெரியவர் ஆட்டத்தில் பந்து மட்டையில் படும்போதே எதிராளியின் மூச்சுக் காற்று கழுத்தில் படும். யோசனையைப் பந்து வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இரண்டாவது வேறுபாடு வேகம். சிறுவர்கள் பெரும்பாலும் பந்தைத் தள்ளுகிறார்கள். பெரியவர்கள் ஓங்கி அடிக்கிறார்கள். எங்கள் மண் தரையில் அடித்த பந்து ஒரு சரளில் பட்டால் முழங்காலுக்கு வரும். இன்னொன்றில் பட்டால் வாய்க்கு வரும். மூன்றாவது வேறுபாடு உடல். 16 வயது எலும்புக்கும் 28 வயதுத் தோளுக்கும் நடக்கும் மோதலில் யார் விழுவார் என்று சொல்லவும் வேண்டுமோ!

இந்த மூன்றையும் எல்லோரும் அறிவர். நான்காவது ஒன்று உண்டு. அதை நான் அறிய மூன்று ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரு பையன் வாயால் அறிந்தேன்.

* * *

அவனை நாங்கள் ‘தீப்பெட்டி’ என்றே கூப்பிடுவோம். அவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். அது மட்டும் காரணமல்ல. உரசினால் பற்றிக்கொள்வதுபோல் புறப்படுவான். வலது ஓரத்தில் பந்தை எடுத்தால் கொடிக் கம்பம்வரை ஒரே ஓட்டம். 2024-ஆம் ஆண்டில் அவன் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். நான் இரண்டாம் ஆண்டு மாணவன். கிளப்பில் சென்டர் ஹாஃப். அதாவது அணியின் நடுத்தூண். பின்னாலிருந்து வரும் பந்து என் வழியாகத்தான் முன்னால் போகும். அந்தப் பதவியின் மிடுக்கு எனக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

அவ்வாண்டு செப்டம்பரில் பக்கத்து ஊரில் ஒரு போட்டி. அரையிறுதி ஆட்டம். எங்கள் வலது முன்கள ஆட்டக்காரருக்குக் காலில் சுளுக்கு. இரண்டாம் கால்பகுதியில் தீப்பெட்டியை இறக்கினோம். அவனுடைய மாமா கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பந்தை அவனுக்கு ஓங்கி அடித்தேன். நிறுத்திவிட்டான், ஆனால் நிறுத்திய பின் குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டு பேர் வந்து மறித்தார்கள், பந்து போய்விட்டது. அங்கிருந்து மூன்று தட்டில் எங்கள் கோலுக்குள் விழுந்தது.

நான் கத்தினேன். மைதானம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். “எவம்ல ஒன்ன உள்ள எறக்குனது? சின்னப்பயக ஆட்டம்னு நெனச்சியா?” என்றேன். அவன் மாமா தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்றோம்.

மறுநாள் பயிற்சிக்கு வந்தபோது, கிளப் கொடுத்த மட்டை கோல் கம்பத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. முழங்கால் கவசங்கள் இரண்டும் அதன் அடியில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அவன் இல்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. ‘ரோஷக்காரப் பயல், தானாக வருவான்’ என்றேன் நான். மூன்றாம் வாரம் எங்கள் கிளப் செயலாளர், “தம்பி, திட்டுனது நீ. போயிக் கூப்பிட வேண்டியதும் நீதான்” என்றார்.

போனேன். அவன் அம்மா வாசலில் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். “வாய்யா, உள்ள வா” என்று சொல்லிக் காப்பி போட எழுந்தார். என்னைப் பற்றி அவன் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்பது அந்த வரவேற்பிலேயே தெரிந்தது. காப்பி தொண்டைக்குள் இறங்கவில்லை.

“திட்டுனதுக்கு மன்னிச்சுக்கோ தம்பி. ஆட்டத்துல சகஜம்தான?” என்றேன்.

அவன் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே சொன்னான்: “அண்ணே, திட்டுனதுக்கு நான் போகலண்ணே. எங்க மாமா அதவிட மோசமாத் திட்டுவாரு. அந்தக் கோல் விழுந்த பெறகு இன்னும் ஒரு 15 நிமிசம் நான் உள்ளதாண்ணே நின்னேன். ஆளில்லாத எடமாப் பார்த்துப் பார்த்து ஓடுனேன். கைய ஆட்டிக் கேட்டேன். ஒரு பந்துகூட எனக்கு வரல. அப்பறம் எதுக்குண்ணே அங்க நிக்கணும்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனெனில் அது உண்மை. அணியின் பந்தெல்லாம் என் வழியாகத்தானே போகும்? அந்த 15 நிமிடமும் என் கண்முன் வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் வலது பக்கம் பார்த்தேன். அவன் தனியாக, கையை உயர்த்தியபடி நிற்பது தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் திரும்பினேன். 2022-ஆம் ஆண்டில் எனக்கு ஒருவரும் பந்து தரவில்லை என்று இரவெல்லாம் அழுதவன், 2024-இல் இன்னொருவனுக்குத் தராமல் இருந்தேன். திட்டியது வாய் செய்த தவறு. பந்து தராமல் இருந்தது மனம் செய்த தவறு.

“பரீட்சை முடியட்டும்ணே, பாப்போம்” என்றான். அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் வரவும் இல்லை.

* * *

அந்த நான்காவது வேறுபாடு இதுதான்: சிறுவர் அணியில் தவறு செய்தவனுக்கு அடுத்த நிமிடமே மறுபடி பந்து கிடைக்கும். எல்லோருமே தவறு செய்கிறவர்கள். ஒருவரும் கணக்கு வைப்பதில்லை. பெரியவர் அணியில் முதல் பந்தை யாரும் கொடுத்துவிடுவார்கள். அதைத் தவறவிட்ட பிறகு இரண்டாவது பந்தை எவரும் கொடுப்பதில்லை. ஒரு சிறுவன் பெரியவர் அணியில் ஆட்டக்காரன் ஆவதும் ஆகாமல் போவதும் அந்த இரண்டாவது பந்தில்தான் இருக்கிறது.

அவ்வாண்டு தீபாவளிக்குப் பிறகு சிறுவர் அணியிலிருந்து மூன்று பேர் மேலே வரும் நிலையில் இருந்தார்கள். செயலாளரிடம் போய், “அவங்கள நான் பாத்துக்கிடுறேன்” என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இந்தத் தடவையாவது ஒழுங்காப் பாரு” என்றார்.

முதலில் தண்ணீர்க் குடத்தில் கை வைத்தோம். இனிக் குடம் தூக்குவது வயதுப்படி அல்ல, முறைப்படி. திங்கட்கிழமை கேப்டன், செவ்வாய்க்கிழமை நான் என்று பட்டியல் போட்டு ஒட்டினோம். கேப்டன் குடம் தூக்கிக்கொண்டு வந்த முதல் நாள், சின்னப் பையன்கள் கூச்சத்தால் நெளிந்தார்கள். இரண்டாம் வாரம் கேப்டனிடமே, “அண்ணே, தண்ணி சூடா இருக்கு” என்று குறை சொன்னார்கள். அப்போதே பாதிக் காரியம் முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டாவது, பயிற்சி ஆட்டத்தில் ஒரு விதி. புதிதாக வந்தவர்களில் ஒருவனாவது தொடாத பந்து கோலுக்குள் போனால் அது கோல் அல்ல. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் கோல் வேண்டுமே! வேறு வழியில்லாமல் தேடிப் பிடித்துப் பந்து கொடுத்தார்கள். கொடுக்கக் கொடுக்கத்தான், எந்தப் பையனுக்கு எந்தப் பக்கம் கொடுத்தால் நிறுத்துவான் என்பது அவர்களுக்கே தெரிந்தது.

மூன்றாவது, தலை நிமிர்த்தும் பயிற்சி. தீப்பெட்டி தவறியது அதில்தான்; அதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒருவர் பந்தை அடிப்பார். பையனுக்குப் பின்னால் நான் நின்று கைவிரல்களைக் காட்டுவேன். பந்து மட்டையில் படுவதற்கு முன் அவன் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்லிவிட வேண்டும். முதல் வாரத்தில் விரலைச் சரியாகச் சொன்னவன் பந்தை விட்டான். பந்தைப் பிடித்தவன் விரலை விட்டான். ஒரு மாதத்தில் இரண்டும் சேர்ந்து வந்தன.

நான்காவது, இடம். புதியவனை நடுக்களத்தில் விட்டால் நான்கு பக்கமும் ஆபத்து. வலது ஓரத்தில் விட்டால் ஒரு பக்கம் எல்லைக்கோடு காவல். ஹாக்கி மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே ஆட வேண்டும் என்பது விதி. ஆகவே பந்தை வலப்பக்கம் வைத்து ஓடுவதே இயல்பான ஓட்டம். வலது ஓரத்தில் அப்படி நேராக ஓடலாம். இடது ஓரத்தில் மட்டையைத் திருப்பிப் பிடித்துச் சமாளிக்கத் தெரிய வேண்டும். அது பிறகு வரட்டும் என்று வைத்தோம். பெனால்டி கார்னரைத் தடுக்க முதலில் பாய்ந்து ஓடும் வேலையையும் இவர்களுக்குத் தருவதில்லை என்று முடிவு செய்தோம். துணிச்சல் இல்லாமல் அல்ல. எதிரே வருவது பெரியவன் அடிக்கும் பந்து. வாய்க் கவசமும் முழங்கால் கவசமும் இல்லாதவன் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. பழைய கவசங்களை வீடுவீடாகக் கேட்டு வாங்கி ஒரு சாக்கு நிறையச் சேர்த்தோம்.

ஐந்தாவது, இவர்களைச் சிறுவர் அணியிலிருந்து பிரித்துவிடவில்லை. புதன்கிழமை இங்கே தடுமாறுபவன், ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் இரண்டு கோல் போட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரட்டும் என்று விட்டோம். ஒரே நாளில் இரண்டு ஆட்டம் மட்டும் கிடையாது. பரீட்சை நெருங்கினால் பயிற்சியும் கிடையாது. இதை ஒவ்வொருவன் வீட்டுக்கும் போய் அம்மாவிடம் சொன்னேன். வாசலில் நிற்கும்போதெல்லாம் அந்த உளுந்து முறம் நினைவுக்கு வரும்.

* * *

இதெல்லாம் எளிதாக நடந்துவிட்டதாக எண்ண வேண்டாம். புதியவன் ஒருவனுக்கு இடம் தருவதென்றால், அந்த இடம் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. ஏற்கெனவே அங்கே ஒருவர் நிற்கிறார்.

எங்கள் வலது முன்கள ஆட்டக்காரர் 36 வயது அண்ணாச்சி. மினி லாரி ஓட்டுகிறவர். சுமை ஏற்றி இறக்கிவிட்டு, வியர்வை காயாமல் மைதானத்துக்கு வருவார். எங்கள் கிளப்பின் பாதிக் கோப்பைகளில் அவருடைய ஓட்டம் இருக்கிறது. அவரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தபடியே, “என் எடத்தத்தான் கேக்க வந்தியாக்கும்?” என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எனக்கு முட்டி நோவுதுன்னு ஒருத்தங்கிட்டயும் சொல்லாம ரெண்டு வருசமா ஆடுதேன். நீயாக் கேட்ட. நல்லதாப் போச்சு” என்றார். குரல் நல்லதாகப் போனவரின் குரலாக இல்லை.

ஆனால் அவரை வெளியே அனுப்ப நாங்கள் எண்ணவில்லை. ஹாக்கியில் ஒருவரை மாற்றி ஒருவரை எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கலாம். வெளியே வந்தவர் திரும்ப உள்ளே போகலாம். அந்த விதி எங்களுக்குக் கை கொடுத்தது. அண்ணாச்சி 5 நிமிடம், பையன் 5 நிமிடம். வெளியே வரும் அண்ணாச்சி, உள்ளே போகும் பையனிடம் ஒரே ஒரு செய்தி சொல்லுவார். “அந்த மூணாம் நம்பர் எடப்பக்கம் திரும்ப மாட்டாம் பாரு.” அவ்வளவுதான். இரண்டு செய்தி சொன்னால் பையன் இரண்டையும் மறப்பான் என்பது அவர் கண்டுபிடிப்பு. எங்கள் மூன்று பேரில் சிறியவன், தான் ஹாக்கி கற்றதெல்லாம் அந்த எல்லைக்கோட்டில்தான் என்று இன்றும் சொல்லுகிறான்.

* * *

2025-ஆம் ஆண்டு கோடையில் இந்த மூவரையும் வைத்துக்கொண்டு ஒரு போட்டிக்குப் போனோம். கோப்பை வென்றோம் என்று எழுத எனக்கும் ஆசைதான். கால் இறுதியிலேயே 3-2 என்று தோற்றுப் போனோம். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒன்று நடந்தது.

மூன்றாம் கால்பகுதியில் சிறியவன் வலது ஓரத்தில் பந்தைத் தவறவிட்டான். ஏறக்குறைய தீப்பெட்டி தவறவிட்ட அதே இடம். அதே போன்ற பந்து. அதிலிருந்து எங்களுக்குக் கோல் விழுந்தது. என் வாய் வரைக்கும் வார்த்தை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆட்டம் மீண்டும் தொடங்கி, பந்து என்னிடம் வந்தது. இடது பக்கம் கேப்டன் நின்றார். அதுதான் பத்திரமான வழி. நான் வலது பக்கம் திரும்பினேன். பையனின் கண்ணில் பயம் தெரிந்தது. என் காலிலும் கொஞ்சம் நடுக்கம் இருந்தது. கொடுத்துவிட்டேன். அவன் பந்து வருமுன் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தான். பந்தை நிறுத்தாமலே உள்பக்கம் தட்டிவிட்டு ஓடினான். எங்கள் இரண்டாவது கோல் அந்தத் தட்டில்தான் பிறந்தது.

தோற்று வெளியே வந்தபோது அண்ணாச்சி என் முதுகில் ஒரு அடி வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாக்கிலிருந்து கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்து முதலில் சிறியவனிடம் நீட்டினார்.

அவ்வாண்டு நவம்பர், டிசம்பரில் 21 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 24 நாடுகள் கலந்துகொண்டன. இந்தியா வெண்கலம் பெற்றது. ஒரு வேன் பிடித்து, சிறுவர் பெரியவர் எல்லோரும் கலந்து உட்கார்ந்து மதுரைக்குப் போய் ஆட்டம் பார்த்து வந்தோம். நீலப் புல்தரையில் தண்ணீர் தெறிக்கப் பறக்கும் அந்தப் பந்தைப் பார்த்துச் சின்னவர்கள் வாயைப் பிளந்தார்கள். நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவன் தவறு செய்தபோதெல்லாம், அருகில் இருந்தவன் ஓடி வந்து அவன் மட்டையில் தன் மட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். உலகக் கோப்பை ஆடுகிறவனுக்கும் அது வேண்டியிருக்கிறது.

* * *

இனித் தீப்பெட்டியின் கதையைச் சொல்லி முடிக்கிறேன். அவன் பிளஸ் டூ தேறினான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான். குடும்பத்துக்கு அது தேவைப்பட்டது. அந்தப் பாரத்தை என் தலையில் நான் ஏற்றிக்கொள்ள முடியாது. ஆனால் அவன் ஊரில் இருந்த கடைசி எட்டு மாதமும் மைதானத்துக்கு வராமல் இருந்தானே, அந்தப் பாரம் என்னுடையது. அவனுடைய மட்டையை வேறு யாருக்கும் கொடுக்காமல் தனியாக எடுத்து வைத்திருந்தேன்.

2026-ஆம் ஆண்டு பொங்கல். காணும் பொங்கலன்று எங்கள் கிளப்பில் எல்லா வயதினரும் கலந்து ஆடும் ஆட்டம் ஒன்று நடக்கும். கோட்டுக்கு வெளியே புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஒருவன் நின்றான். மீசை அரும்பியிருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. நான் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் அந்த மட்டையை எடுத்து வந்து நீட்டினேன். பிடியில் புதுத் துணி சுற்றி வைத்திருந்ததைத் தடவிப் பார்த்தான். “செருப்போட ஆட முடியாதேண்ணே” என்றான். அண்ணாச்சி தன் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, “எனக்கு முட்டி வலி” என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

நண்பர்களே! ஒவ்வோர் ஆண்டும் நம் கல்லூரியின் முதலாம் ஆண்டு வகுப்பிலும் இப்படித்தான் புதியவர்கள் வந்து நிற்கிறார்கள். நம்முடைய தோட்டத்திலும், தொழிற்சாலையிலும், கடைகளிலும் நிற்கிறார்கள். வரவேற்பது பெரிய செயல் அல்ல. மாலை வாங்கிப் போட்டால் முடிந்துவிடும். அவர்கள் முதல் தவறைச் செய்த பிறகு நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதில்தான் நம் மூப்பின் மதிப்பு இருக்கிறது.

அன்று நான் முதல் பந்தை அவனுக்குத்தான் கொடுத்தேன். ஒன்றரை ஆண்டுப் பழக்கமின்மை! பந்து மட்டைக்கு அடியில் நழுவி அவன் காலில் பட்டது. விசில் ஊதியது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அடுத்த நிமிடம் பந்து மறுபடி என் மட்டைக்கு வந்தது.

இரண்டாவது பந்தையும் அவனுக்கே கொடுத்தேன்.